இரண்டு பேருக்கு ஒரு தூண்டில் கோல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் வருத்தப்படக் கூடாது. ஒரு செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'எல்லா நீருக்கும் ஏற்ற ஒரே தூண்டில் கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?'

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதேம்மா," என்றேன்.

"அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். தெரிஞ்சவங்க எழுதினா யாருக்கும் புரிய மாட்டேங்குது. கடைக்குப் போங்க, விசாரிங்க, என்ன நீளம், என்ன நம்பர், எதை வாங்கலாம்னு எழுதுங்க. போதும். கதை விட்டுடாதீங்க."

கடைக்குப் போனேன். விசாரித்தேன். இதோ, கதை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுத உட்காரும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிடுவது என் பழக்கம். எனக்காகக் கும்பிடுவதில்லை, கதைக்குள்ளே வரப்போகிறவர்களுக்காக. என் கையை நம்பி வருகிறார்கள், பாவம். அவர்களுக்கு ஒரு கெடுதலும் என்னால் வந்துவிடக் கூடாது. மற்ற எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'மனிதன் முதன்முதலாக நீரைக் குனிந்து பார்த்த அந்தக் கணத்திலேயே —'

[வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது:

'கோலைத் தொட்டபோது அவர் கை நடுங்கியது. ஏனென்றால் —'

[ஏனென்றால் என்னவென்று எனக்கே தெரியவில்லை. அவர் கை நடுங்கவும் இல்லை.]

மூன்றாவது:

'அந்தக் கடையின் கூரையில் மின்விசிறி கிடையாது.'

இது உண்மை. உண்மையாக இருப்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அந்தக் கடையின் கூரையில் மின்விசிறி கிடையாது. மூலையில் ஒரு ஸ்டாண்டு விசிறி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சுற்றியது. சுவரில் முட்டித் திரும்பும் காற்றுதான் நமக்கு. நீளமான கடை. இரண்டு பக்கமும் தூண்டில் கோல்கள் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. நடுவில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் ஈக்கள், கொசுக்கள், வண்டுகள். எல்லாம் இறகும் பட்டு நூலும் கட்டிச் செய்த பொய்ப் பூச்சிகள்.

கடைக்காரம்மா கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தேடினார்.

"சாதாரணத் தூண்டில்ல என்ன பண்ணுவாங்க? நுனியில ஒரு ஈயக்குண்டு கட்டுவாங்க. குண்டு பறக்கும், நூல் பின்னாடியே போகும். சரியா? இதுல குண்டே கிடையாது. இந்தப் பூச்சியை ஊதினாலே பறந்துடும். அப்புறம் எப்படி எறியறது?"

"எப்படி?"

"கனத்தை நூலுக்குக் குடுத்துட்டாங்க. நூலைத்தான் எறியறோம். பூச்சி சும்மா கூடப் போகுது. என் பென்சில் எங்க?"

சொன்னேன். எடுத்துக்கொண்டார்.

நூலின் கனத்துக்கு எண் உண்டு. அந்த எண்தான் கோலுக்கும். மூன்றாம் எண் மெல்லிய நூல், சின்ன ஓடை, சின்ன மீன். ஏழாம் எண் கனத்த நூல், அகலமான ஆறு, எதிர்க்காற்று, பெரிய மீன். கோலின் குணமும் பார்க்க வேண்டும். மெத்தென்ற கோல் கைப்பிடிவரை வளையும், மெதுவாக நிமிரும். விறைப்பான கோலில் நுனி மட்டும்தான் வளையும், அதற்குத் தோள் பலம் வேண்டும். எல்லாவற்றுக்குமாக ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் ஒன்பதடி நீளம், ஐந்தாம் எண், இரண்டுக்கும் நடுவான வளைவு, பையில் போட வசதியாக நான்கு துண்டு.*

அவ்வளவுதான், கட்டுரை முடிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியவள். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள்.

*ஞாயிறு இணைப்பின் வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

3

ஒருவர் நல்ல உயரம். விரல் இடுக்குகளில் எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ். இடுப்புச் சாவிக்கொத்தில் லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இவர் லிஃப்ட்காரர்.

மற்றவர் குள்ளம், மெல்லிய கை. முழங்கையில் வெள்ளைப் பொடி, சட்டைப் பையின் ஓரத்தில் இளஞ்சிவப்பு மெழுகு. பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தருகிறவர். இவர் பல்லுக்காரர்.

ஒன்றாக வந்தார்கள் என்று எழுதினேன். சரியில்லை. ஒரே கதவு வழியாக வந்தார்கள். உள்ளே வந்ததும் ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

"அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் லிஃப்ட்காரர். "ஏழரையடில மூணாம் நம்பர். மெத்துனு இருக்குமே, அது போதும்."

"அம்மா," என்றார் பல்லுக்காரர், "அதை வெச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய ஆத்துல என்ன பண்றதாம்? பல்லு குத்துறதாமா? ஒன்பதரையடி, ஏழாம் நம்பர். நல்லா விறைப்பா எடுங்க."

"பல்லு விஷயமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்னு சொல்லுங்க."

"லிஃப்ட் மாதிரி ஏறுறதும் இறங்குறதும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன டெலிபோன் எக்சேஞ்சா? நேரா பேசிக்கங்களேன்."

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். மின்விசிறி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

4

கடைக்காரம்மா எனக்குத் தேநீர் ஊற்றுகிற சாக்கில் சொன்னதை அப்படியே தருகிறேன். பல்லுக்காரரின் மனைவி இவருக்குப் பழக்கம். அவளுடைய உடன்பிறந்த தம்பிதான் லிஃப்ட்காரர்.

அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாமாவும் மச்சானும் ஒன்றாகத்தான் ஆற்றுக்குப் போவார்கள். மீன்பிடிப் பருவம் திறக்கிற முதல் ஞாயிறு, கண்டிப்பாக. மாமா பூச்சி கட்டுவார், மச்சான் வண்டி ஓட்டுவார். அக்கா வீட்டில் மச்சானுக்கென்று ஒரு அறைகூட உண்டு.

சில மாதம் முன்பு மச்சான் ஆசைப்பட்டு ஒரு கோல் வாங்கினார். மாமாவிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நேராக அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், கூடத்தில் வைத்தே நான்கு துண்டையும் பொருத்தி நிமிர்த்திப் பிடித்தார். வழிய வழிய வியர்வை. மாமா பார்த்தார். ஐயோ, பையனுக்கு இப்படி வேர்க்கிறதே என்று கூரை விசிறியின் சுவிட்சைப் போட்டார்.

'டர்ர்ர்' என்றது. கோலின் நுனி மூன்றாக ஒடிந்து, ஒரு துண்டு தண்ணீர் ஜாடிக்குள் விழுந்தது.

[இந்த இடத்தில் சிரித்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்.]

அப்புறம் வார்த்தை தடித்தது. "கண்ணு தெரியாதா மாமா உங்களுக்கு? பல்லைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டீங்களா?" "வீட்டுக்குள்ள ராடை நீட்டுறவனுக்கு அறிவு வேணாமா?" இதோடு நின்றிருந்தால் சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். மாமா ஒன்று சேர்த்துச் சொல்லிவிட்டார்: "என் வீட்டு ஃபேன், நான் போடுவேன்."

என் வீடு.

மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான். அந்த வீட்டைத் தன் வீடு என்றே நினைத்திருந்த மனிதர். அதன்பிறகு வரவில்லை, பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் அக்கா மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுக்கிறாளாம்.

இந்த வருடம் ஆற்றுக்கான அனுமதிச் சீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அந்த ஆற்றின் விதி, ஒரு சீட்டுக்கு ஒரு கோல். அதை எத்தனை பேர் மாற்றி மாற்றிப் பிடித்தாலும் கேட்க மாட்டார்கள், ஆனால் இரண்டாவது கோல் தண்ணீர்மேல் நீளக் கூடாது. அக்கா இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "சீட்டு ஒண்ணு, ராடு ஒண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு ராடு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா சீட்டை அடுப்புல போட்டுடுவேன்."

ஆக, இந்தக் கடையில் ஒரே ஒரு கோலில் இருவரும் ஒத்துப்போனால் ஞாயிற்றுக்கிழமை ஆறு. ஒத்துப்போகாவிட்டால் அடுப்பு. அப்புறம் அடுத்த வருடமும் யாரும் கூப்பிடமாட்டார்கள். இப்படி விட்டுப்போன உறவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் முதலில் பேசவில்லை, அவ்வளவுதான்.

5

வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தபோது ஒரு தப்புப் பண்ணினேன்.

முதல் வரைவில் விறைப்பான கோலை லிஃப்ட்காரர் கேட்பதாகவும், மெத்தென்ற கோலைப் பல்லுக்காரர் கேட்பதாகவும் எழுதினேன். அப்படித்தானே இருக்க முடியும்? நீளக் கையும் தோள் பலமும் உள்ளவர் விறைப்பானதைக் கேட்பார். அரிசி அளவுப் பல்லில் கோடு கீறுகிற கை மெல்லியதைக் கேட்கும். ஆளுக்கொன்று தனக்கென்று கேட்டால்தான் சண்டை. சண்டை இருந்தால்தான் கதை.

எழுதி முடித்துப் படித்தேன். கச்சிதமாக இருந்தது. ஆனால் காதில் ஏதோ இடித்தது. 'அம்மா, மெத்துனு இருக்குமே' என்றது கட்டைக் குரல். அது லிஃப்ட்காரர். 'விறைப்பா எடுங்க' என்றது கீச்சுக் குரல். கடையில் கேட்டபடியே மாற்றி எழுதினேன். இப்போது நியாயமில்லாமல் இருந்தது. தனக்கு உதவாத கோலுக்காக ஒருத்தர் ஏன் இப்படி மல்லுக்கட்ட வேண்டும்?

மறுநாள் காலை கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மேடம், எனக்கு ஒரு குழப்பம். அந்த நீளமானவர் எதுக்கு அந்தச் சின்ன ராடைக் கேக்குறார்? அது அவர் கைக்கு ஆகுமா?"

"ஆகவே ஆகாது. அவர் ஒரு வீசு வீசினா நூலெல்லாம் காலடியில குவிஞ்சுடும்."

"அப்ப அந்த விறைப்பான ராடு இவருக்கு?"

"அதை அவர் வளைக்கக்கூட முடியாது. தோள் வலிதான் மிச்சம்."

"அப்புறம் ஏன் கேக்குறாங்க?"

அந்தப் பக்கம் ஏதோ கரகரவென்று சத்தம். பென்சிலைத் தேடுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே. நேத்து கண்ணால பாத்தும் நானும் கவனிக்கலை பாருங்க. அவர் இவருக்கு வாங்கப் பாக்குறார். இவர் அவருக்கு வாங்கப் பாக்குறார்!"

பேனாவை வைத்துவிட்டேன். ஒடிந்த கோலுக்குப் பதிலாக மச்சானுக்கு ஒன்று வாங்கித் தர மாமாவுக்கு ஆசை. அதைச் சொன்னால் தப்பு தன்மேல் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மாமாவின் கை சுகமாக வீச வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. அதைச் சொன்னால் இறங்கி வந்ததாகிவிடும். ஆகவே இரண்டு பேரும் 'எனக்கு இதுதான் வேணும்' என்று அடித்துக்கொள்கிறார்கள். அன்பை இப்படிச் சண்டை போட்டுச் செய்கிற ஆட்களை வேறெங்கும் பார்க்க முடியுமா?

[பார்க்கலாம். அடுத்த பகுதியில் ஒருவர் வருகிறார்.]

6

என் கணவர் ஐந்தாம் பகுதி வரை படித்துவிட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்புற மாதிரி இல்ல."

"எது?"

"அந்தப் பல்லுக்காரர். ரொம்ப நல்லவரா இருக்கார். மனுஷன்னா கொஞ்சம் சுயநலம் வேணாமா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இப்படியா? நீ உன் இஷ்டத்துக்கு எல்லாரையும் நல்லவங்களா ஆக்கிடுற."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என்மேல் எப்போதும் சொல்லப்படும் குறை இதுதான். என் கதைகளில் வில்லன் வந்தால் இரண்டாம் பக்கத்தில் அவருக்கும் யாராவது தண்ணீர் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பல்லுக்காரரைக் கொஞ்சம் கெடுக்கலாம் என்று முயன்றேன்:

'பல்லுக்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். விறைப்பான கோலை வாங்கினால் அது பிற்காலத்தில் தன்னுடைய —'

[போகவில்லை. வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கிறார், என் வாயைப் பார்க்கிறார்.]

"காலையில ரொட்டி கருகிடுச்சே," என்றேன் கணவரிடம். "கருகினதை நீங்க எடுத்துக்கிட்டு நல்லதை என் தட்டுல வெச்சீங்க. அதை எழுதினா யாராவது நம்புவாங்களா?"

"அது வேற விஷயம். எனக்குக் கருகினதுதான் பிடிக்கும்."

"பாத்தீங்களா?"

"என்ன பாத்தீங்களா? நிஜமாவே பிடிக்கும்!"

"அதேதான் அவங்களும் சொல்றாங்க."

அவர் காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். முதலிலிருந்து படித்தார். "லிஃப்ட் சாவி முக்கோணமா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

7

ஆசிரியை போன் செய்தார். "கட்டுரை?"

"வந்துக்கிட்டே இருக்கு. அதுல ஒரு மாமாவும் மச்சானும் வர்றாங்க."

"எதுக்கு வர்றாங்க?"

"ராடு வாங்க."

"என்ன ராடு வாங்குறாங்க? அதைச் சொல்லுங்க, நான் தலைப்புல போட்டுடறேன்."

"அதுதான் இன்னும் முடிவாகலை."

பெருமூச்சு கேட்டது. இருந்தாலும் நல்ல மனுஷி. முடிவுக்கு உதவி பண்ணுகிறேன் என்று ஒன்று சொன்னார்: அக்கா கடைக்குள் வந்து இருவர் காதையும் திருகி, நடுவிலுள்ள ஒன்பதடியைத் தானே எடுத்துக்கொண்டு போகட்டும். பத்திரிகைக்கு ஏற்ற முடிவு. ஆனால் அக்கா ஏற்கெனவே சீட்டு வாங்கி, இருவரையும் ஒரே கதவு வழியாக உள்ளே தள்ளிவிட்டாள். மிச்சத்தையும் அவள் தலையில் கட்டுவது நியாயமா?

என் எழுத்தாள நண்பர் ஒருவர் வேறொன்று சொன்னார்: சீட்டு அடுப்பில் எரிய வேண்டும், ஆண்டுகள் கழித்து இருவரில் ஒருவர் இல்லாத வீட்டில் மற்றவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு அது கண்ணீர் வரவழைக்கும் முடிவு. எனக்கும் வரும். அதனால்தான் மாட்டேன் என்றேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்த மேசை இது. இங்கே அது நடக்காது.

மூன்றாவதை நானே யோசித்தேன். ஞாயிறு, ஆறு, பெரிய மீன், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. இவர்கள் சமாதானமாவதற்கு அந்த மீன் என்ன பாவம் செய்தது என்று தோன்றியதும் அதையும் அடித்துவிட்டேன்.

பிறகு, கடையில் அன்று உண்மையிலேயே என்ன நடந்தது என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? நான்தான் அங்கே இருந்தேனே. முடிவைத் தேடுகிற அவசரத்தில் மறந்துபோனேன்.

8

கடைக்காரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோலைக் கடைக்குள் ஆட்டிப் பார்த்து யாரும் வாங்கக் கூடாது. "சும்மா ஆட்டினா எல்லா ராடும் நல்லாத்தான் இருக்கும். நூலைப் போட்டு வீசிப் பாத்தாத்தான் அதோட குணம் தெரியும்." கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் நீளமான தரை. அங்கே கொண்டுபோய் வீசச் சொல்வார். தூண்டில் முள்ளுக்குப் பதில் நுனியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல்.

இரண்டு பேரையும் மூன்று கோல்களையும் வெளியே கொண்டுவந்தார். நானும் தேநீர்க் கோப்பையோடு பின்னால் போனேன்.

லிஃப்ட்காரர் பிடிவாதமாக மெத்தென்றதை எடுத்து வீசினார். நூலெல்லாம் அவர் காலடியில் வந்து குவிந்தது. "அருமையா இருக்கு," என்றார்.

பல்லுக்காரர் விறைப்பானதை எடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு வீசினார். கோல் துளியும் வளையவில்லை. கம்பளி அவர் மூக்கிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கடைக்காரம்மா எதுவும் சொல்லாமல் நடுவிலுள்ளதை, அந்த ஒன்பதடி ஐந்தை, லிஃப்ட்காரர் கையில் திணித்தார்.

இங்கே வீசுகிற முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. முதலில் கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நூல் முதுகுக்குப் பின்னால் காற்றில் நீளும். அது முழுக்க நீளும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். நீளுமுன் தள்ளினால் சாட்டை மாதிரி சொடுக்கும், பூச்சி அறுந்துபோகும். சிரமம் என்னவென்றால், முன்னால் பார்த்து வீசுகிறவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நூல் நீண்டுவிட்டதா என்று தெரியாது.

[நீதி வாய்வரை வருகிறது. அடக்கிக்கொள்கிறேன்.]

லிஃப்ட்காரர் வீசினார். பட்டென்று சொடுக்கியது. மறுபடி வீசினார், மறுபடி சொடுக்கியது. மூன்றாவது முறை கோலைப் பின்னால் கொண்டுபோனபோது பல்லுக்காரர் தன் ஓரத்தை விட்டு விலகி, நடுத்தரையில் அவருக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியைப் பார்த்துப் பழகிய கண். அது காற்றில் நூலின் வளைவு பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இரு," என்றார்.

லிஃப்ட்காரரின் கை அப்படியே நின்றது.

"இரு... இரு... இப்ப!"

நூல் அவர் தலைக்கு மேலே போயிற்று. நேராக, அவசரமே இல்லாமல், தரை முழுவதையும் கடந்து போய், சிவப்புக் கம்பளி தூரத்தில் ஒரு வண்டியின் கூரைமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கடைக்காரம்மாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். லிஃப்ட்காரர் அந்தக் கம்பளியையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"மாமா, யாரு வண்டி அது?"

"என்னுதுதான்டா. நல்லவேளை, கண்ணாடியில படலை."

"நீங்க ஒரு தடவை வீசுங்க. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

"நீ சொல்லி நான் வீசவா? நீ அவசரக்காரன்டா. நூல் கிளம்புறதுக்கு முன்னாடியே இப்பன்னு கத்துவே."

"கத்தமாட்டேன் மாமா. சத்தியமா."

கத்தினார். நூல் பல்லுக்காரரின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. லிஃப்ட்காரர் ஓடிவந்து, அந்தப் பெரிய கிரீஸ் விரல்களால் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பிரிக்கிற நேரத்தில் பல்லுக்காரர் அவர் காதருகே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இரண்டடி தள்ளியும் நின்றேன். கடைசி வாக்கியம் மட்டும் தானாகக் காதில் விழுந்தது.

"நம்ம வீட்டு ஃபேனை வேணும்னா கழட்டிப் போட்டுடலாம்டா."

"ஐயோ வேணாம் மாமா. வேர்க்கும்."

9

இங்கே முடித்திருக்கலாம். கணவரும் இங்கேயே முடி என்றார். ஆனால் அக்கா ராடோடு வரச் சொல்லியிருக்கிறாள், கையில் ராடு இல்லை.

கடைக்காரம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்: "பில்லுல எதைப் போடட்டும்?"

"அந்த மெத்துனது," என்றார் லிஃப்ட்காரர்.

"டேய், சும்மா இருடா. விறைப்பானதைப் போடுங்கம்மா."

"மாமா, உங்க தோளு என்னத்துக்கு ஆகும்?"

"என் தோளைப் பத்தி உனக்கு என்னடா? உன் கைக்கு அது ஒரு குச்சிடா, பல்லு குத்தக்கூட ஆகாது!"

அதே சண்டை, அதே சத்தம். ஆனால் இப்போது நடுவில் டெலிபோன் எக்சேஞ்ச் இல்லை. கடைக்காரம்மா ஒரு வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கியது, தேநீரின் ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க பத்திரிகையில இதைத்தான் எழுதப் போறீங்களாமே," என்று பல்லுக்காரர் என் வாயைப் பார்த்துக் கேட்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். எதை வாங்கலாம்?"

எனக்கு விடை தெரியும். இரண்டாம் பகுதியிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்பதடி ஐந்து என்று நான் சொன்னால் இருவரும் மரியாதைக்காக ஒத்துக்கொள்வார்கள். மாமா மச்சானுக்கு ஒன்று வாங்கித் தந்த சந்தோஷமும் போகும், மச்சான் மாமாவுக்கு விட்டுக்கொடுத்த சந்தோஷமும் போகும். மெத்தென்றது என்று சொன்னால் மச்சான் ஜெயித்து, ஞாயிறு முழுக்கக் காலடியில் நூலைக் குவித்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பார். விறைப்பானது என்றால் மாமா ஜெயித்து, இரவெல்லாம் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பார். இவர்களில் யாரைத் தோற்கடிப்பது? என்னால் முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கும்பிட்டுவிட்டுக் கேட்கிறேன்.

உடனே வேண்டாம். பல்லுக்காரரின் போன் அடிக்கிறது. அக்காதான். "வாங்கியாச்சா? அவன் பேசினானா?" என்று அவள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. அவர் பதில் சொல்ல அந்த ஓரமாகப் போய்விட்டார். கடைக்காரம்மா பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். நானோ கதைக்கு வெளியே போகவேண்டியவள். லிஃப்ட்காரர் அந்த நடுக் கோலை எடுத்து இன்னொரு முறை வீசப்போகிறார், பின்னால் நின்று சொல்ல ஆளில்லை.

கோலைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்படி வந்து, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். அவருக்குத் தன் முதுகு தெரியாது, உங்களுக்குத் தெரியும். நூல் பின்னால் போகிறது, வளைவு பிரிகிறது.

பொறுங்கள். இன்னும் முழுக்க நீளவில்லை.